தெருவோர வியாபாரிகள் சட்டம்: "இது சட்ட ஆய்வே இல்லை" என்கிறார் கைடு, என்ன செய்யலாம்?

மூன்றாம்_அத்தியாயம் கேட்டது:

வணக்கம். எல்.எல்.எம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். முதல் இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்தபோது கைடு ஒன்றும் சொல்லவில்லை. ஓல்கா டெல்லிஸ் 1985, சோடன் சிங் 1989, கைந்தா ராம் 2010 என்று தீர்ப்புகளை வரிசையாக அடுக்கி, வாழ்வாதார உரிமை எப்படி வளர்ந்தது என்று எழுதியிருந்தேன். "குட்" என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் கோயிலும் பஸ் ஸ்டாண்டும் ஒரே வார்டில் இருக்கின்றன. அங்கே இரண்டு வாரம் சுற்றி 23 வியாபாரிகளிடம் பேசினேன். தினமும் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எப்படி மீட்கிறார்கள், தெருவில் விற்பதற்குச் சட்டப்படி தரும் சான்றிதழ் என்று ஒன்று இருப்பது தெரியுமா, இதெல்லாம் கேட்டு எழுதினேன். ஓரத்தில் சிவப்பு மையில் வந்தது: "இது சமூகவியல். சட்டம் எங்கே?"

நேரில் போய், "சார், இது கொள்கைப் பகுப்பாய்வு, பல துறை சார்ந்த ஆய்வு" என்றேன். "சரி, அதற்கு மெத்தடாலஜி என்ன? ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு வா" என்றுவிட்டார். இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் அரைப் பக்கம் தாண்டவில்லை. தேடிப் படித்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது: பிரச்சினையை வரையறு, மாற்று வழிகளைப் பட்டியலிடு, அளவுகோல் வை, ஒன்றைப் பரிந்துரை. எம்.பி.ஏ. பாடம் படிக்கிற மாதிரி இருக்கிறது. இதில் சட்டம் படித்தவளுக்கு என்ன வேலை? கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் எழுதும் 'பரிந்துரைகள்'தானே இது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் அத்தை அதே வார்டில் தரைக்கடை போட்டவர். அதனால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பது கைடின் இரண்டாவது குற்றச்சாட்டு.

---

சேம்பர்_பூனை:

மூன்றாவது அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு இன்னும் பத்துத் தீர்ப்பைப் போடுங்கள். டிகிரி வாங்குங்கள். அப்புறம் என்ன ஆராய்ச்சி வேண்டுமானாலும் பண்ணலாம். கைடோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

---

கறுப்புக்கோட்டு:

பூனையார் சொல்வது பிழைக்கிற வழி. ஆனால் தங்கச்சி கேட்டது அதை இல்லை.

நான் திருநெல்வேலியில் 22 வருடமாக வக்கீல். வாரம் இரண்டு வகுப்பும் எடுக்கிறேன். உங்கள் கைடு கேட்டதில் தப்பில்லை, கேட்ட விதம்தான் சரியில்லை. மெத்தடாலஜியைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு கொய்யா வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கட்சிக்காரர் வந்தார். பள்ளிக்கூட வாசலில் கொய்யா விற்பவர். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று ஒரு காலையில் வண்டியையும் பழத்தையும் சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். உங்கள் 2014 சட்டத்தின் 19-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பறிமுதல் செய்தால் பட்டியல் தயாரித்து, கையெழுத்துப் போட்டு, வியாபாரியிடம் ஒரு நகல் கொடுக்க வேண்டும். அவர் உரிமை கோரினால் அழுகும் பொருளை அன்றைக்கே விடுவிக்க வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். இவருக்குப் பட்டியலே தரவில்லை. என்னிடம் வந்தது மூன்றாம் நாள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டேன். ஒரு மாதம் கழித்து, வண்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி வந்தது, ஒரு சக்கரம் இல்லை. கொய்யாவைப் பற்றிப் பேச வேண்டாம். அன்றைய சரக்கு 1,800 ரூபாய். நான் பீஸ் வாங்கவில்லை, ஆனால் பஸ்ஸுக்கும் விட்ட நாள்களுக்குமே அதைவிட அதிகம் போயிருக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் நின்றார், தினம் ஐம்பது ரூபாய் யாருக்கோ கொடுத்துக்கொண்டு. "கேஸுல ஜெயிச்சோம்லா சார், அது போதும்" என்றார். எனக்குச் சமாதானம் சொல்லத்தான் அப்படிச் சொன்னார் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

உங்கள் இரண்டாவது அத்தியாயத்தில் இந்த வழக்கு வந்தால் அது வெற்றி. சட்டம் வேலை செய்தது, நீதிமன்றம் காப்பாற்றியது. கொள்கைப் பகுப்பாய்வில் இது தோல்வி, கேள்வி தொடங்குகிற இடமே இதுதான். 19-ஆம் பிரிவு ஏன் அன்றைக்குக் காலையில் வேலை செய்யவில்லை? சொற்களில் குழப்பம் இல்லை, நீதிபதி தவறாகப் படிக்கவும் இல்லை. பழம் திரும்ப வர உரிமை கோர வேண்டும். கோருவதற்குப் பட்டியல் வேண்டும். பட்டியலை எழுத வேண்டியவர், லாரி என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பழத்தை அள்ளுகிற அதே ஆள். எழுதாவிட்டால் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆதாரம் முழுக்க எதிராளி கையில் இருக்கிற ஓர் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பிரிவின் வாசகம் தெரிய வேண்டும். கொய்யா எத்தனை மணி நேரம் தாங்கும், அன்றாட முதலுக்கு என்ன வட்டி என்று தெரிய வேண்டும் (காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 கட்டுகிறவருக்கு ஒரு நாள் தாமதம் என்றால் என்ன?). அள்ளுகிற ஊழியரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்றும் தெரிய வேண்டும். சட்டம், பொருளாதாரம், நிர்வாகம் மூன்றையும் பிரச்சினையே இழுத்துக்கொண்டு வந்தது. அழகுக்குச் சேர்த்த துறைகள் இல்லை.

"சட்டம் எங்கே" என்று மறுபடியும் கேட்டால், சட்டத்துக்கு எப்படிப் பொருள் காண்பது என்று சொன்ன 1584 ஹேடன் வழக்கைச் சொல்லுங்கள், இங்கிலாந்தில் வந்தது. முன்பு சட்டம் என்னவாக இருந்தது, அது கவனிக்காமல் விட்ட தீங்கு எது, நாடாளுமன்றம் என்ன மருந்து கொடுத்தது, அந்த மருந்தின் உண்மையான காரணம் என்ன என்று நான்கு கேள்விகள். முதலாண்டில் மனப்பாடம் செய்ததுதான். கொள்கைப் பகுப்பாய்வு ஐந்தாவதாக ஒன்று கேட்கிறது: மருந்து உள்ளே போயிற்றா? 1943-லேயே லாஸ்வெல் என்ற அரசியல் அறிஞரும் மெக்டூகல் என்ற சட்டப் பேராசிரியரும் யேல் சட்ட இதழில், சட்டக் கல்வியே கொள்கை வகுப்பதற்கான பயிற்சியாக இருக்க வேண்டும் என்று நீளமாக வாதாடிவிட்டார்கள். நீங்கள் ஒன்றும் புதிதாக வம்பு இழுக்கவில்லை.

இனி உங்கள் வார்டு. அதே சட்டத்தின் 3(2)-ஐ மறுபடி எடுத்துப் படியுங்கள். வியாபாரிகள் கணக்கெடுப்பில் கண்டறிந்தவர்களை விற்பனை மண்டலங்களில் இடம் கொடுத்து அமர்த்த வேண்டும், ஆனால் "வார்டு அல்லது மண்டலம் அல்லது ஊர் அல்லது நகரம்", இவற்றின் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்ற வரையறைக்கு உட்பட்டு. அந்த 'அல்லது'களில்தான் உங்கள் ஆய்வேடு இருக்கிறது. பேச்சுக்கு, ஊரில் ஒரு லட்சம் பேர் என்று வையுங்கள். ஊரை அலகாக எடுத்தால் 2,500 வியாபாரிகள். கோயிலும் பஸ் ஸ்டாண்டும் இருக்கிற வார்டில் குடியிருப்பவர் 3,000 பேர்தான் என்றால், அந்த வார்டுக்கு 75. அங்கே தினமும் வந்துபோகிற கூட்டம் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. வியாபாரி கூட்டம் வருகிற இடத்தில் நிற்கிறார், சட்டம் மக்கள் தூங்குகிற இடத்தில் எண்ணுகிறது. மிச்சப் பேருக்கு? குலுக்கல், பக்கத்து மண்டலம். பூ விற்கிற அம்மாவைக் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி உட்கார வைத்தால் அவர் விற்பது பூவா, சருகா?

அந்த 2.5 எங்கிருந்து வந்தது என்றும் தோண்டுங்கள். 2009 தேசியக் கொள்கை, பல பெருநகரங்களில் மக்கள்தொகையில் ஏறக்குறைய 2 விழுக்காட்டினர் தெருவோர வியாபாரிகள் என்று மதிப்பிட்டது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல வந்த கணக்கு, ஐந்து வருடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று சொல்கிற கணக்காகிவிட்டது. இந்த மாற்றத்தைக் கவனிக்கச் சட்டக் கண் வேண்டும், அதன் விளைவைக் கணக்கிட மற்றவர்கள் வேண்டும்.

'பரிந்துரைகள்' அத்தியாயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தீர்கள். "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று எழுதினீர்களானால் இரண்டும் ஒன்றுதான். நான் திருத்திய ஆய்வேடுகளில் அந்த வரி இல்லாத ஒன்றைக் காட்டுங்கள், மோர் வாங்கித் தருகிறேன். ஒரு மாற்று வழியைச் சொன்னால் அதை யார் செய்வது, எந்த அதிகாரத்தில், என்ன செலவில், யாருக்கு நட்டம் என்றும் சொல்ல வேண்டும். 'எந்த அதிகாரத்தில்' என்பதுதான் உங்கள் இடம். பட்டியல் எழுதாத ஊழியருக்குத் தண்டனை வேண்டும் என்றால் சட்டத்தைத் திருத்த வேண்டும், அதற்கு டெல்லி போக வேண்டும். பட்டியலின் வடிவத்தை மாற்ற வேண்டும் என்றால் இந்தச் சட்டத்தின்கீழ் மாநில அரசு வகுக்கும் திட்டத்தைத் திருத்தினால் போதும். வரிசை எண் அச்சிட்ட கார்பன் புத்தகம் ஒன்று லாரியில் இருக்க வேண்டும், அது இல்லாமல் லாரி கிளம்பக் கூடாது என்றால் ஆணையர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். ஒரே வியாதிக்கு மூன்று உயரத்தில் மருந்து இருக்கிறது, எது கைக்கு எட்டும் என்று பொருளாதாரம் படித்தவரால் சொல்ல முடியாது.

இன்னொரு முடிச்சு. 3(3)-படி கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. நல்லது. ஆனால் போலீஸ் தொந்தரவிலிருந்து பாதுகாக்கிற 27-ஆம் பிரிவு, சான்றிதழின் நிபந்தனைப்படி விற்பவருக்குத்தான். கணக்கெடுப்பை இழுத்தடித்தால் வியாபாரிக்குக் காகிதத்தில் முழுப் பாதுகாப்பு, கையில் காட்ட ஒரு அட்டை கிடையாது. 2020-ல் தெருவோர வியாபாரிகளுக்கென்று மத்திய அரசின் ஸ்வநிதி கடன் வந்தபோது அந்த அட்டைக்கோ பரிந்துரைக் கடிதத்துக்கோ திடீரென்று 10,000 ரூபாய் மதிப்பு வந்தது. உரிமைக்காக நகராத கோப்பு கடனுக்காக நகர்ந்ததா? உங்கள் 23 பேரிடம் இதைக் கேட்டீர்களா?

அத்தையைப் பற்றி: மறைக்க வேண்டாம், முன்னுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். தீர்ப்பை மட்டும் படித்து எழுதுகிறவரும் ஒரு பக்கம் நின்றுதான் எழுதுகிறார், அவர் நிற்கிற இடம் நூலகம் என்பதால் யாரும் கேட்பதில்லை. ஆனால் அத்தைக்கு எதிர்த்தரப்பையும் நீங்கள் பேச வைக்க வேண்டும். சொத்து வரி கட்டிக் கடை வைத்திருப்பவர், நடைபாதை இல்லாமல் ரோட்டில் இறங்கி நடக்கிற கிழவி, எல்லோரையும்.

---

பழைய_பில்கலெக்டர்:

பாப்பா, வக்கீல் சார் சொன்ன லாரியில் நானும் போயிருக்கேன். 31 வருஷ சர்வீஸ், ஊர் பேரு வேண்டாம்.

பட்டியல் ஏன் எழுதலைன்னு கேக்குறாரு. காலையில ஆறு பேரு, ஒரு லாரி. பத்து மணிக்குள்ள முடிக்கணும்னு போலீஸ் சொல்லும், கூட்டம் சேர்ந்துரும்ல. ஒருத்தன் அழுவான், ஒருத்தன் கல்லெடுப்பான். அதுல நின்னு "கொய்யா 22 கிலோ, தராசு ஒண்ணு"ன்னு எழுதணுமா? சத்தியமா சொல்றேன், அப்படி ஒரு பிரிவு இருக்குன்னு எங்களுக்கு யாரும் சொன்னதும் இல்ல, புஸ்தகம் கொடுத்ததும் இல்ல. கொடுத்திருந்தா எழுதியிருப்போமான்னா, அதையும் என்னால உறுதியா சொல்ல முடியாது.

கணக்கெடுப்புக்கு வாங்க. அதுக்குன்னு தனி ஆள் கிடையாது. வரி வசூல் பாக்குற நாங்களும் சானிட்டரி இன்ஸ்பெக்டரும்தான் போவோம். ஆபீஸ் நேரம், 11 மணிக்கு. இட்லி வண்டி காலையில 6 மணிக்கு வந்து 9 மணிக்குப் போயிடும். பரோட்டா வண்டி சாயங்காலம் 6 மணிக்குத்தான் வரும். தலைச்சுமை வியாபாரி ஒரு இடத்துல நிக்கவே மாட்டா. 11 மணிக்கு யாரு இருந்தாளோ அவதான் வியாபாரி. அப்புறம் லிஸ்ட்ல வராதவன் எல்லாம் "புதுசா வந்தவன்".

நீ விட்டது ஒண்ணு இருக்கு, அடிக்காசு, தெருவுல கடை போடுறதுக்கு தினமும் வாங்குற காசு. அதை வசூல் பண்ற உரிமை வருஷா வருஷம் ஏலம் போகும். ஏலம் எடுத்தவன் ஆள் வச்சு தினமும் வண்டிக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு சீட்டுக் கொடுப்பான். ஒரே ஆபீஸ் காலையில வியாபாரிகிட்ட காசு வாங்க ஏலம் விடுது, மறுநாள் அந்த வியாபாரியையே ஆக்கிரமிப்புங்குது. சான்றிதழ் கொடுத்து, மண்டலம் போட்டு, கட்டணத்தை நேரா வசூல் பண்ணினா அந்த ஏலம் என்ன ஆகும்? வக்கீல் சார் "யாருக்கு நட்டம்"னு கேக்கச் சொன்னாரே, அங்க போயி கேளு. கேக்குறப்ப பார்த்துக் கேளு.

---

ஸ்கேல்_பென்சில்:

நகரத் திட்டமிடல் படித்தவன். சுருக்கமாக.

ஒரு டேப் வாங்கிக்கொண்டு போங்கள். நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு. கடைத்தெருவில் இன்னும் கூடுதலாக வேண்டும். உங்கள் வார்டில் நடைபாதை எங்கே எவ்வளவு அகலம், வண்டி எவ்வளவு பிடிக்கிறது, நிரந்தரக் கடையின் படியும் பெயர்ப்பலகையும் எவ்வளவு பிடிக்கின்றன, நிறுத்திவைத்த பைக் எவ்வளவு என்று தனித்தனியாக அளங்கள். எல்லாப் பழியும் தள்ளுவண்டி மேல்தான் விழும், அளந்தால் வேறு கதை வரலாம். வராமலும் போகலாம், வந்தபடி எழுதுங்கள்.

பில் கலெக்டர் அய்யா சொன்ன 6 மணி, 11 மணி விஷயம் எங்கள் துறைக்காரர்களுக்குச் சர்க்கரை. ஒரே இடத்தைக் காலையில் இட்லிக்காரரும் இரவில் பரோட்டாக்காரரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்றால் 'கொள்ளளவு' என்பதே இரட்டிப்பாகிறது. நேரப் பங்கீடு பற்றிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே பேசுகிறது. முதல் அட்டவணையையும் பாருங்கள்: கணக்கெடுப்பில் கண்டறிந்த இயற்கைச் சந்தையை, அதாவது விற்பவரும் வாங்குபவரும் வழக்கமாகக் கூடுகிற இடத்தை, விற்பனை கூடாத மண்டலமாக அறிவிக்கக் கூடாது. கோயில் வாசல் இயற்கைச் சந்தை இல்லாமல் வேறென்ன? அதை மூடவும் கூடாது, வார்டு கணக்கில் 75-க்கு மேல் விடவும் கூடாது என்றால் இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும்? அதற்கு வக்கீல்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

---

கறுப்புக்கோட்டு:

ஸ்கேல் தம்பி கேட்டதற்கு என் பதில்: அட்டவணை 'எங்கே' என்று சொல்கிறது, 3(2) 'எத்தனை' என்று சொல்கிறது, ஆகவே நேரடி முரண் இல்லை என்று அரசு வக்கீல் வாதாடுவார். நான் எதிர்த்தரப்பில் நின்றால், அலகைத் தேர்ந்தெடுக்க சட்டமே நான்கு வாய்ப்புக் கொடுத்திருக்கும்போது இயற்கைச் சந்தையைக் கொல்கிற அலகைத் தேர்ந்தெடுப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்பேன். தங்கச்சி, மூன்றாவது அத்தியாயத்தின் நடுப்பகுதி இதுதான்.

பில் கலெக்டர் அய்யா, மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்கர் 1980-ல் எழுதியதை நீங்கள் ஒரே பத்தியில் சொல்லிவிட்டீர்கள். மேலே வகுக்கிற கொள்கை, கீழே தெருவில் நிற்கிற ஊழியர் கையில் என்ன ஆகிறதோ அதுதான் உண்மையான கொள்கை என்றார் அவர்.

---

மூன்றாம்_அத்தியாயம்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு பக்கம் எழுதிவிட்டேன். "19-ஆம் பிரிவையும் 3(2)-ஐயும் மட்டும் எடுத்து, வாசகத்திலிருந்து வண்டிவரை பின்தொடர்வது" என்று முதல் வரி. படித்துவிட்டு கைடு, "இதில் பிரிவு எண்ணாவது இருக்கிறது" என்றார். நல்லது என்றா கெட்டது என்றா, தெரியவில்லை. சனிக்கிழமை காலை 6 மணிக்கு டேப்போடு போகிறேன்.

கறுப்புக்கோட்டு அண்ணா, ஸ்வநிதி பற்றி நான் கேட்கவே இல்லை. 23 பேரிடமும் திரும்பப் போக வேண்டும்.

நேற்று அத்தையிடம், "எப்பவாவது ஏதாவது காகிதம் கொடுத்தாங்களா" என்று கேட்டேன். பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கொட்டினார். அடிக்காசுச் சீட்டுகள், வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு, 11 கட்டு. என்றைக்காவது யாராவது "நீ இங்கே கடை போட்டதற்கு என்ன அத்தாட்சி" என்று கேட்பார்கள் என்று எடுத்து வைத்தாராம். இதுவரை யாரும் கேட்கவில்லையாம். இதை ஆய்வேட்டில் இணைப்பாகச் சேர்க்கலாமா? ஏலம் எடுத்தவர் பெயர் ரப்பர் ஸ்டாம்பில் இருக்கிறது.

---

கறுப்புக்கோட்டு:

பெயரை மறைத்துவிடுங்கள். தேதியும் தொகையும் அப்படியே இருக்கட்டும். அத்தையிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அத்தை என்றாலும்.

---

பழைய_பில்கலெக்டர்:

சீட்டுல வரிசை எண் அச்சடிச்சிருக்கா பாரு பாப்பா. எண் இருந்தா ஆபீஸ் முத்திரை வச்ச புஸ்தகத்துல கிழிச்சது. இல்லேன்னா அவனே அச்சடிச்சது. ரெண்டையும் தனித்தனியா எண்ணி வை.